புதுச் சுவையும் ஒவ்வாமையும்

நுழையும்முன்

மனிதர் இடம்பெயரும்போது அவர்தம் மொழியும் உணவும் உடன் பெயர்கின்றன. பெங்களூரு போன்ற பெருநகரில் பல நாட்டு உணவுகள் ஒரே தெருவில் சந்திக்கின்றன. வீட்டு அடுக்களைக்குள்ளும் நுழைகின்றன. புதிய உணவு நாவிற்கு மகிழ்ச்சி தரும். ஆயினும், எல்லா உடலும் எல்லா உணவையும் ஏற்பதில்லை. புதுச் சுவையை அச்சமின்றி அறியவும், உடலுக்கு ஒவ்வாததை உரிய நேரத்தில் உணரவும் உதவுவதே இப்பாடம்.

பயணம் செய்யும் உணவு

பெங்களூருவை அடுத்த பிடதியில் ஜப்பானிய மகிழுந்து நிறுவனமான டொயோட்டாவும் கிர்லோஸ்கர் குழுமமும் இணைந்து தொழிற்சாலை நடத்துகின்றன. அக்கூட்டு நிறுவனம் 1997இல் தொடங்கப்பெற்றது. அதுபோன்ற நிறுவனங்களில் பணிபுரியும் ஜப்பானியக் குடும்பங்கள் பல இந்நகரில் வாழ்கின்றன. 'ஜப்பான் ஹப்பா' என்னும் விழாவும் இங்கு நடைபெறுகிறது. 'ஹப்பா' என்பது கன்னடத்தில் திருவிழாவைக் குறிக்கும் சொல். ஜப்பானிய உணவகங்களும், சோயா சாறு, டோஃபு, கடற்பாசித் தாள் ஆகியவற்றை விற்கும் கடைகளும் இந்நகரில் உள்ளன. எனவே, தமிழ்ச் சிறுவர் ஒருவர் காலையில் இட்லியும் மாலையில் ஜப்பானியச் சோற்றுருண்டையும் உண்பது இன்று வியப்பன்று.

இப்பயணம் ஒருவழிப் பயணமும் அன்று. ஜப்பானியர் விரும்பி உண்ணும் 'கரே' என்னும் குழம்பின் மூலம் இந்தியாவே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் வழியாக அது ஜப்பானை அடைந்தது. இந்திய விடுதலைக்காகப் போராடி, ஜப்பானில் தஞ்சம் புகுந்த ராஷ் பிஹாரி போஸ், இந்திய முறையில் சமைத்த கறியை 1927இல் தோக்கியோவின் நாகாமுராயா உணவகத்தில் அறிமுகம் செய்தார். 'டெம்புரா' என்னும் பொரித்த உணவோ 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் தொடர்பால் ஜப்பானில் தோன்றியது. ஆகவே, எந்த நாட்டு உணவும் தனித்து வளர்ந்ததன்று.

ஜப்பானிய அடுக்களை

ஜப்பானியரின் மரபுவழி உணவுப் பண்பாடு 'வாஷோகு' எனப்படும். அதனை யுனெஸ்கோ அமைப்பு 2013இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அரிசிச் சோறே அவ்வுணவின் அடிப்படை. இவ்வகையில் தமிழர் உணவும் ஜப்பானியர் உணவும் உறவுடையவை.

நம் சமையலில் புளியும் பருப்பும் பெறும் இடத்தை ஜப்பானியச் சமையலில் 'தாஷி' என்னும் சாறு பெறுகிறது. 'கொம்பு' எனப்படும் கடற்பாசியையும், உலர்ந்த சூரைமீன் சீவலையும் நீரிலிட்டு இச்சாற்றை எடுப்பர். சூரைமீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தும் முறை தமிழருக்குப் புதிதன்று. தென் தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் பயன்படும் மாசிக் கருவாடு அத்தகையதே.

தாஷியின் சுவை இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகிய நான்கிலும் அடங்கவில்லை. இதனை ஆராய்ந்த கிகுனாயே இகேடா என்னும் வேதியியல் பேராசிரியர், கடற்பாசியிலுள்ள குளுட்டமேட் என்னும் பொருளே அச்சுவைக்குக் காரணம் என 1908இல் கண்டறிந்தார். அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். தக்காளியிலும் காளானிலும் இச்சுவை உண்டு.

சோயா அவரையே ஜப்பானிய அடுக்களையின் மற்றொரு தூண். அதனைப் புளிக்கவைத்தால் 'மிசோ' என்னும் விழுதும், சோயாச் சாறும் கிடைக்கும். அதன் பாலைத் திரித்தால் டோஃபு கிடைக்கும். மிசோவையும் சோயாச் சாற்றையும் புளிக்கவைக்க 'கோஜி' என்னும் பூஞ்சை உதவுகிறது.

ஒவ்வாமை என்பது யாது?

'ஒவ்வுதல்' என்றால் பொருந்துதல். பொருந்தாத தன்மை ஒவ்வாமை. 'இந்த உணவு எனக்கு ஒத்துக்கொள்ளாது' என வீடுகளில் முதியோர் கூறுவர். எனினும், அவ்வாறு கூறப்படுவன அனைத்தும் மருத்துவர் கூறும் ஒவ்வாமை அல்ல.

உடலில் நுழையும் நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போரிட ஒரு காவல் அமைப்பு உண்டு. அது நோய் எதிர்ப்பு அமைப்பு எனப்படும். சிலர் உடலில் இக்காவல் அமைப்பு, தீங்கற்ற உணவுப் புரதத்தையும் பகையெனத் தவறாகக் கருதிவிடுகிறது. வேர்க்கடலை, பால், முட்டை, இறால் போன்றவற்றின் புரதங்கள் இவ்வாறு கருதப்படலாம். அப்போது அப்புரதத்திற்கென ஓர் எதிர்ப்பொருளை உடல் உருவாக்குகிறது. அதன் பெயர் இம்யூனோகுளோபுலின் இ.

இவ்வெதிர்ப்பொருளை முதன்முதலில் இனங்கண்டவர்கள் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்னும் ஜப்பானிய அறிவியல் இணையர் ஆவர். அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆய்வு நடத்திய அவர்கள், 1966இல் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டனர். ஏறத்தாழ அதே காலத்தில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்களும் இதனைத் தனியே கண்டறிந்தனர். ஒவ்வாமையைப் புரிந்துகொள்ளும் அறிவியலுக்கு இதுவே வாயில் திறந்தது.

இவ்வெதிர்ப்பொருள் தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மீது அமர்ந்து காத்திருக்கும். அதே உணவு மீண்டும் உடலினுள் வரும்போது, அச்செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டும். அதனால் அரிப்பு, தடிப்பு, உதடு வீங்குதல், வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றும். உண்ட சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் இவை பெரும்பாலும் வெளிப்படும்.

ஒவ்வாமை போலவே தோன்றும் வேறு சிலவும் உண்டு. பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமையால் வயிறு பொருமுவது செரிமானக் குறைபாடே, ஒவ்வாமை அன்று. சூரை, அயிலை போன்ற மீன்களைக் குளிர்ச்சியில் வைக்கத் தவறினால் அவற்றிலேயே ஹிஸ்டமின் பெருகும். அம்மீனை உண்டவரின் முகம் சிவந்து தடிப்புத் தோன்றும். அது கெட்ட மீனால் நேர்ந்த நச்சு. எது ஒவ்வாமை என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவரே.

எதிர்பாராமல் தோன்றுவது ஏன்?

'நேற்றுவரை உண்ட உணவு இன்று எப்படி ஒவ்வாமற்போகும்?' என்னும் ஐயம் பலருக்கு எழும். உடல் எதிர்ப்பொருளை உருவாக்கும் காலத்தில் வெளியே எந்த அறிகுறியும் தெரிவதில்லை. இது மறைவாக நடைபெறுவது. அதனால்தான் பலமுறை உண்டபின்பும், வளர்ந்தபின்பும்கூட ஒவ்வாமை தோன்றக்கூடும்.

உணவு வாய்வழியாக மட்டுமே உடலை அறிமுகம் செய்துகொள்வதில்லை. ஜப்பானில் ஒருவகை முகச்சவர்க்காரத்தில் கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்திருந்தனர். அதனைப் பயன்படுத்திய பலருக்குத் தோல்வழியாக அப்புரதம் நுழைந்து, அதுவரை இல்லாத கோதுமை ஒவ்வாமை உண்டாயிற்று. பாதிக்கப்பட்டோர் 2,000 பேருக்கும் மிகுதி. 2011இல் அச்சவர்க்காரம் திரும்பப் பெறப்பட்டது.

ஒரு பொருளின் மீது உண்டான எதிர்ப்பு அதனை ஒத்த மற்றொன்றின் மீதும் பாய்வதுண்டு. இறாலிலுள்ள ஒரு புரதம் வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணியிலும் கரப்பானிலும் ஏறத்தாழ அதே வடிவில் உள்ளது. ஆதலால், தூசி ஒவ்வாமை உடைய சிலருக்கு இறாலும் ஒவ்வாமல் போகலாம்.

கர்நாடகத்திலேயே இத்துறையில் ஆய்வு நடைபெற்றுள்ளது. இம்மாநிலத்தைச் சேர்ந்த வயதுவந்தோர் 11,000-க்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. ஏறத்தாழ நால்வருள் ஒருவர் என்னும் அளவில், ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான எதிர்ப்பொருள் குருதியில் காணப்பட்டது. ஆனால், உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என மதிப்பிடப்பட்டோர் 1.2 விழுக்காட்டினரே. இவ்விரு எண்களும் ஓர் உண்மையைக் கற்பிக்கின்றன. குருதிச் சோதனையில் எதிர்ப்பொருள் தென்படுவது வேறு. உணவு உண்மையாகவே துன்பம் தருவது வேறு. எனவே, சோதனைத் தாளை மட்டும் நம்பிப் பல உணவுகளை விலக்குவது வளரும் பிள்ளைகளின் ஊட்டத்தைக் கெடுக்கும்.

மறைந்திருக்கும் பொருள்கள்

தெரிந்த உணவில் என்ன உள்ளது என்பது வீட்டாருக்குத் தெரியும். புதிய உணவில் அது மறைந்திருக்கும். ஜப்பானிய உணவில் மறைந்திருக்கும் சிலவற்றைக் காண்க.

* சோயாச் சாறு: பெயரில் சோயா மட்டுமே உள்ளது. ஆனால், பெரும்பாலான வகைகளில் கோதுமையும் உண்டு.
* மிசோச் சாறு: காய்கறி உணவாகத் தோன்றினாலும், தாஷியில் மீன் கலந்திருக்கலாம்.
* ஜப்பானியக் கறிக்கட்டி: குழம்பைக் கெட்டியாக்கக் கோதுமை மாவு சேர்ப்பர்.
* நண்டுக் குச்சி: மீன் விழுதால் ஆனது. முட்டை வெண்கரு, கோதுமை ஆகியவையும் சேரக்கூடும்.
* சோபா என்னும் நூலடை: வட இந்தியாவில் 'குட்டு' எனப்படும் பக்வீட் தானியத்தால் ஆனது. இத்தானியம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தருவது. பல சோபா வகைகளில் கோதுமையும் கலந்திருக்கும்.
* எள்: சோற்றின் மேல் தூவும் பொடியிலும், கீரைக் கலவையிலும், எண்ணெயிலும் இருக்கும்.

ஜப்பான் இவ்விடரை முன்னரே உணர்ந்த நாடு. முட்டை, பால், கோதுமை, பக்வீட், வேர்க்கடலை, இறால், நண்டு, அக்ரூட் முதலியவற்றை உணவுப் பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என அந்நாட்டுச் சட்டம் கூறுகிறது.

பெயரில் கவனம்

ஒவ்வாமை உடையவருக்குச் சொல் தெளிவும் ஒரு காப்பு. தமிழில் 'கடலை மாவு' என்பது கொண்டைக்கடலைப் பருப்பின் மாவு. ஆனால், 'கடலை எண்ணெய்' என்பது வேர்க்கடலையின் எண்ணெய். இரண்டும் வேறு செடிகள். கன்னடத்தில் 'கடலே' என்றால் கொண்டைக்கடலை. 'கடலேகாயி' என்றால் வேர்க்கடலை. பெங்களூரு பசவனகுடியில் கார்த்திகை மாதத்தில் நடைபெறும் 'கடலேகாயி பரிஷே' வேர்க்கடலைத் திருவிழாவே. கடைக்காரரிடம் 'கடலை உண்டா?' எனக் கேட்கும் தமிழ்ப் பிள்ளைக்கு அவர் வேறொன்றை எண்ணி விடையளிக்கக்கூடும். ஆகவே, 'வேர்க்கடலை' என்றோ 'கடலேகாயி' என்றோ முழுப் பெயரைக் கூறுதல் வேண்டும்.

சங்கராந்தி நாளில் கன்னட மக்கள் அண்டை வீட்டாருக்கு 'எள்ளு பெல்லா' வழங்குவர். எள், வெல்லம், வேர்க்கடலை, கொப்பரை, பொட்டுக்கடலை ஆகியவை கலந்த அன்புப் பரிசு அது. எள்ளோ வேர்க்கடலையோ ஒவ்வாதவர், அன்புடன் பெற்று நன்றி கூறி, உண்ணாமல் வீட்டில் மற்றவருக்குத் தரலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

லேபிளைப் படித்தல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வாமை தரும் பொருள்களைப் பொட்டலத்தில் தனியே அறிவிக்க வேண்டும். கோதுமை முதலிய குளுட்டன் உடைய தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் கொட்டைப் பருப்புகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்ஃபைட் ஆகியவை அப்பட்டியலில் அடங்கும். எள் அதில் இல்லை. எனவே, எள் ஒவ்வாதவர் சேர்பொருள் பட்டியல் முழுவதையும் படித்தல் வேண்டும்.

பச்சைப் புள்ளி மரக்கறி உணவைக் குறிக்கும் அடையாளம் மட்டுமே. ஒவ்வாமை இல்லை என்பதற்கு அது உறுதி அன்று. பால், கோதுமை, வேர்க்கடலை, சோயா ஆகிய அனைத்தும் பச்சைப் புள்ளியின் கீழ் இடம்பெறும்.

வீட்டு அடுக்களையில்

ஜப்பானியச் சோற்றுருண்டையை வீட்டிலேயே எளிதாகச் செய்யலாம். அது 'ஒனிகிரி' எனப்படும். ஒரு குவளைச் சோனா மசூரி அரிசியைக் கழுவி, வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் நீர்விட்டுக் குழைய வேகவைக்க வேண்டும். சோறு கைபொறுக்கும் சூட்டை அடைந்ததும், நீரில் நனைத்த உள்ளங்கையில் சிறிது உப்பைத் தடவி, ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் வேகவைத்து மசித்த பரங்கிக்காயை வைத்து முக்கோணமாகப் பிடிக்கலாம். மீன் ஒவ்வாதவருக்கு உலர்காளானை ஊறவைத்த நீரே தாஷிக்கு மாற்று. கோதுமை ஒவ்வாதவர், கோதுமை சேர்க்கப்படவில்லை என லேபிள் கூறும் 'தமாரி' சோயாச் சாற்றைத் தேர்ந்தெடுக்கலாம். செய்தவுடன் உண்பது நன்று.

அடுக்களையில் பின்பற்ற வேண்டியவை:

1. ஒரே நாளில் பல புதிய உணவுகளை உண்ணாமல், ஒவ்வொன்றாகச் சிறிதளவில் அறிமுகம் செய்தல் நன்று. எந்த உணவு தொல்லை தந்தது என்பதை அறிய இது உதவும்.
2. முன்னர் ஒவ்வாமை ஏற்படுத்திய உணவை, மருத்துவர் மேற்பார்வையின்றி வீட்டில் மீண்டும் உண்டு பார்த்தல் கூடாது.
3. இறால் பொரித்த எண்ணெயில் கத்தரிக்காயைப் பொரித்தால் இறாலின் புரதம் அதிலும் ஒட்டும். கத்தி, பலகை, கரண்டி ஆகியவற்றைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின்பே மற்றொன்றுக்குப் பயன்படுத்த வேண்டும்.
4. வேகவைத்தால் ஒவ்வாமை நீங்கிவிடும் என்று எண்ணுதல் தவறு. வேர்க்கடலை, இறால் போன்றவற்றின் புரதங்கள் சூட்டையும் தாங்குபவை.
5. தொல்லை தோன்றினால் உண்ட பொருள், அளவு, நேரம், அறிகுறி ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். லேபிளையும் பாதுகாத்தல் நன்று. மருத்துவருக்கு இவை பெரிதும் உதவும்.

இடர் நேரும்போது

தோலில் மட்டும் சில தடிப்புகள் தோன்றினாலும் பெரியவரிடம் உடனே கூற வேண்டும். மூச்சுத்திணறல், குரல் கரகரத்தல், நாக்கு வீங்குதல், மயக்கம், தொடர் வாந்தி ஆகியவை கடும் ஒவ்வாமையின் அறிகுறிகள். இதனை மருத்துவர் 'அனாஃபிலாக்சிஸ்' என்பர். இது உயிருக்கே இடர் தரும். 108 அல்லது 112 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். மயங்குபவரைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சுத்திணறல் உடையவர் அமர்ந்திருக்கலாம். எழுந்து நடக்கவிடுதல் கூடாது.

இந்நிலைக்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அது தொடைத் தசையில் செலுத்தப்படும். அரிப்பைத் தணிக்கும் மாத்திரை இதற்கு மாற்று ஆகாது. தொல்லை தணிந்தபின்னும் சில மணி நேரத்தில் அது திரும்பக்கூடும். ஆதலால், மருத்துவமனையில் சிறிது காலம் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும்.

அட்ரினலினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தவரும் ஒரு ஜப்பானியரே. அமெரிக்காவில் வாழ்ந்த ஜோகிச்சி தகாமினே, தம் உதவியாளர் கெய்சோ உயெனாகாவுடன் இணைந்து 1900-1901ஆம் ஆண்டுகளில் இதனைச் செய்து முடித்தார். அதற்கு முன்னர், மிசோ செய்ய உதவும் கோஜிப் பூஞ்சையிலிருந்து செரிமான மருந்து ஒன்றையும் அவர் உருவாக்கியிருந்தார். தாய்நாட்டு அடுக்களையின் அறிவை அயல்நாட்டுக்கு எடுத்துச்சென்று பயன்படுத்தியவர் அவர்.

பகிர்ந்துண்ணும் பண்பு

பள்ளியில் உணவு வேளையில் டப்பாவைத் திறந்து பகிர்வது இனிய வழக்கம். ஆனால், தோழன் ஒருவன் 'எனக்கு வேண்டா' என்றால் அது செருக்கன்று. 'கொஞ்சம் தின்றால் என்ன ஆகும்?' என வற்புறுத்துவதும், அறியாமல் கலந்து கொடுத்து விளையாடுவதும் அவன் உயிரோடு விளையாடுவதாகும். பகிர்வதற்கு முன் 'உனக்கு ஒவ்வாதது எது?' எனக் கேட்பதே உண்மையான விருந்தோம்பல். ஒவ்வாமை உடையவரும் அதனை ஆசிரியரிடமும் நண்பரிடமும் வெட்கமின்றிக் கூறுதல் வேண்டும்.

உலகத்துச் சுவைகள் எல்லாம் ஒரு நகரில் வந்து கூடும் காலம் இது. கேட்டறிந்து சமைப்பதும், படித்தறிந்து வாங்குவதும், பிறர் உடலை மதித்துப் பரிமாறுவதும் இக்காலத்தின் அடுக்களை அறங்கள்.

சொல்லும் பொருளும்

அடுக்களை – சமையலறை
ஒவ்வாமை – பொருந்தாத தன்மை
அயல்நாடு – பிற நாடு
இடர் – துன்பம், ஆபத்து
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கின் அளவு
செருக்கு – கர்வம்

மதிப்பீடு

1. 'உமாமி' என்னும் சுவையைக் கண்டறிந்தவர் யார்? எந்த ஆண்டில்?
2. குருதியில் எதிர்ப்பொருள் காணப்படுவதும் ஒவ்வாமை இருப்பதும் ஒன்றா? கர்நாடக ஆய்வின் துணைகொண்டு விளக்குக.
3. பச்சைப் புள்ளி உள்ள உணவு அனைவருக்கும் ஏற்றது எனலாமா? காரணம் கூறுக.
4. 'கடலை' என்னும் சொல் எவ்வாறு குழப்பம் தரக்கூடும்?
5. 'ஒவ்வாமை' போன்று எதிர்மறைப் பொருள் தரும் 'அறியாமை', 'செரிக்காமை' ஆகிய சொற்களைத் தொடரில் அமைத்து எழுதுக.
6. வீட்டிலுள்ள ஓர் உணவுப் பொட்டலத்தின் லேபிளைப் படித்து, அதிலுள்ள ஒவ்வாமைப் பொருள்களைத் தமிழிலும் கன்னடத்திலும் பட்டியலிடுக.